மிதிவண்டிப் பெரும்பந்தயம்

கிருஷ்ணன்கோவிலில் பெருஞ்சாலையை விட்டுப் பிரிந்து, மேற்குத் தொடர்ச்சி மலையை எதிர்நோக்கி வத்திராயிருப்புக்குச் செல்லும் சாலையில், ஆனி ஆடி மாதங்களில் மிதிவண்டி ஓட்டியவர்க்குக் காற்றின் வலிமையைப் பிறர் சொல்லித் தர வேண்டுவதில்லை. மலையிலிருந்து இறங்கிவரும் மேல்காற்று தென்னை மட்டைகளைக் கலைத்துக்கொண்டு எதிரே வந்து மோதும். கால் ஓயும்; வண்டியோ நகர மறுக்கும். அவ்வேளையில் பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வரிசையிட்டுச் செல்வதைக் காணலாம். முன்னே செல்பவன் முதுகை வளைத்து, மூச்சு வாங்க மிதிக்கிறான். அவனை ஒட்டிப் பின்னே வருபவன் கதை பேசிக்கொண்டே வருகிறான். சிறிது தூரம் சென்றதும் முன்னவன், "இனி நீ முன்னே போ" என்கிறான். பின்னவன் உடனே முன் செல்கிறானா, செவியில் விழாதவன்போல் இருந்துவிடுகிறானா என்பதில் அவ்விருவருடைய நட்பின் ஆழம் புலப்பட்டுவிடும்.

உலகின் மிகப் பெரிய மிதிவண்டிப் பந்தயத்தின் வெற்றி தோல்விகளும் இக்கேள்வியைச் சுற்றியே அமைகின்றன. காற்றை எதிர்த்து முன்னே செல்பவர் யார்? அவருடைய மறைவில் பின்னே வருபவர் யார்? அவ்வுழைப்புக்கு உரிய பயனை அடைபவர் யார்? ஓட்டப்பந்தயத்தைப்போல இதுவும் தனி மனிதரின் கால் வலிமையைச் சோதிக்கும் போட்டி என்றே புதிதாகக் காண்பவர் எண்ணுவர். சற்றுக் கூர்ந்து நோக்கினால், இது இருபதுக்கு மேற்பட்ட அணிகள் மூன்று வாரம் நடத்தும் ஒரு போர் என்பது விளங்கும்.

முதலில் காற்றின் கணக்கை அறிந்துகொள்வோம். நாம் செல்லும் வேகம் இருமடங்கானால், காற்றின் எதிர்ப்பு இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. அதனை வெல்ல நொடிதோறும் செலவிடவேண்டிய ஆற்றலோ எட்டு மடங்காகிறது. சமநிலத்தில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வீரர் ஒருவர், தம் உழைப்பில் பத்தில் எட்டுப் பங்கைக் காற்றை விலக்குவதற்கே செலவிடுகிறார். அவருக்குப் பின்னே நெருங்கிச் செல்பவர்க்குக் காற்று முன்னரே பிளக்கப்பட்டுக் கிடக்கிறது. ஆதலால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு அவருக்கு மிச்சமாகும். நூறு பேர் சேர்ந்து செல்லும் திரளின் நடுவில் இருப்பவர்க்கு இன்னும் மிகுதியாக மிச்சமாகும். ஒருவர் எவ்வளவு வலியவராயினும், தனியே நான்கு மணி நேரம் காற்றோடு மல்லாடிவிட்டு, அத்தனை நேரமும் மறைவில் வந்த மற்றொருவரோடு இறுதியில் போட்டியிட்டால் என்ன நேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

'டூர் த பிரான்ஸ்' எனப்படும் பிரான்சு நாட்டுச் சுற்றுப்பந்தயம் 1903-ஆம் ஆண்டில் தோன்றியது. அது தோன்றியதே ஒரு பகைமையின் விளைவாகும். பாரிசு நகரில் 'லோட்டோ', 'லெ வேலோ' என்னும் இரு விளையாட்டுச் செய்தித்தாள்கள் ஒன்றையொன்று வீழ்த்த முயன்றுகொண்டிருந்தன. தன் விற்பனையைப் பெருக்குவதற்காக 'லோட்டோ' ஏற்படுத்தியதே இப்பந்தயம். முதலாண்டில் 6 கட்டங்களாக, மொத்தம் 2,428 கிலோமீட்டர் தூரம் ஓட்டினர். புறப்பட்டவர் 60 பேர். ஓட்டி முடித்தவர் 21 பேரே. முதல் வெற்றியாளர் மோரீஸ் காரன் என்பவர். அவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மணி நேர வேறுபாடு இருந்தது! மறு ஆண்டிலேயே 'லெ வேலோ' நின்றுபோயிற்று.

'லோட்டோ' இதழின் ஆசிரியர் ஆன்ரி தெகிராஞ்சு கண்டிப்பு மிக்கவர். ஒவ்வொரு வீரரும் பிறர் துணையின்றித் தம் சொந்த வலிமையாலேயே ஓட்டவேண்டும் என்பது அவர் கொள்கை. 1911-ஆம் ஆண்டுப் பந்தயத்தில், தம் வெற்றி வாய்ப்பை இழந்த மோரீஸ் புரோக்கோ என்னும் வீரர், பின்தங்கிய மற்றொரு வீரருக்குக் காற்று மறைத்து உதவியதாக ஐயம் எழுந்தது. தெகிராஞ்சு சினங்கொண்டு, அவரை 'வீட்டு வேலைக்காரன்' என்று தம் இதழில் இழித்து எழுதினார். புரோக்கோ மறுநாள் யாருக்கும் உதவாமல் தனியே பாய்ந்து சென்று அக்கட்டத்தை வென்றுகாட்டினார். அதன் பின்னும் அவரைப் பந்தயத்திலிருந்து நீக்கிவிட்டனர். வியப்பு என்னவென்றால், இழிவாகச் சொல்லப்பட்ட அந்தச் சொல்லே பிரெஞ்சு மொழியில் அணித்தொண்டருக்கு உரிய பெயராக நிலைத்துவிட்டது. இன்று அப்பெயரைப் பெருமையோடு ஏற்பவர் பலர். காற்றை ஒருவர்க்கு மற்றொருவர் மறைக்கலாகாது என்று சட்டம் செய்வது எளிது. அதனை நடைமுறையில் காப்பது எவராலும் இயலவில்லை. தெகிராஞ்சும் 1930-இல் இறங்கிவந்து, நாட்டுக்கு ஓர் அணி என்னும் முறையை ஏற்றார். 1962-இல் வணிக நிறுவனங்களின் அணிகள் மீண்டும் வந்தன. 1967, 1968 ஆகிய இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, அன்றுமுதல் அவையே போட்டியிட்டு வருகின்றன.

இக்காலத்தில் பந்தயம் 21 கட்டங்களாக நடைபெறுகிறது. நாளுக்கு ஒரு கட்டம். இடையே இரண்டு நாள் ஓய்வு. மொத்தத் தூரம் 3,300 கிலோமீட்டருக்குக் குறையாமல் இருப்பது வழக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வொரு வீரரும் எடுத்துக்கொண்ட நேரம் கூட்டப்பெறுகிறது. எல்லாக் கட்டங்களுக்கும் சேர்த்துக் குறைந்த நேரத்தில் முடித்தவரே முழுப் பந்தயத்தையும் வென்றவராவார். ஆகவே ஒரு கட்டத்தைக்கூட முதல்வராக முடிக்காமலேயே ஒருவர் பந்தயத்தை வெல்வதும் உண்டு. நாள்தோறும் கூட்டுக்கணக்கில் முன்னிற்பவர் மறுநாள் மஞ்சட் சட்டை அணிந்து ஓட்டுவார். 'லோட்டோ' இதழ் மஞ்சள் தாளில் அச்சாகிவந்தது; அந்த நிறமே 1919 முதல் சட்டைக்கு வந்தது.

அணிக்கு 8 வீரர். அவர்களுள் ஒருவர் தலைவர். அருகி, இருவர் இருப்பர். ஏனையோர் அவருக்காக உழைப்பவர். சமநிலத்தில் வலியவர் சிலர் நெடுநேரம் காற்றை எதிர்த்து முன்னே செல்வர். மலையேறுவதில் வல்லவர் சிலர் ஏற்றத்தில் தலைவருக்கு முன்னே சென்று, வேகத்தை ஒரே சீராக வைத்திருப்பர். தாகம் எடுத்தால், தொண்டர் ஒருவர் வேகத்தைக் குறைத்துத் திரளின் பின்னே வரும் அணியின் காரை அடைந்து, தண்ணீர்ப் புட்டிகளைச் சட்டைக்குள் அடைத்துக்கொண்டு, மீண்டும் முன்னேறித் தம் தோழர் எழுவர்க்கும் பங்கிடுவார். நடக்கவும் இயலாதபடி முதுகும் மார்பும் புடைக்க அவர் ஓட்டிச் செல்வது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீருக்காகத் தலைவர் தாமே பின்தங்கி முன்னேறுவாராயின், நாள்தோறும் ஓரளவு வலிமை அதிலேயே கரைந்துபோகும். திருவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரின் வடத்தைப் பிடித்து இழுப்போரை நாம் அறிவோம். தேர் நிலைக்கு வந்து சேர்ந்த பின்னர், வடம் பிடித்த கை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. பந்தயத்தில் அந்தக் கைகளுக்கு ஒரு சிறிய கைம்மாறு உண்டு. வென்ற தலைவர் தம் பரிசுப் பணத்தைத் தோழர்க்குப் பங்கிட்டுக் கொடுப்பது நெடுநாள் மரபு.

இனி, பகை அணிகள் ஒன்றோடொன்று மோதும் விதத்தைக் காண்போம். இதில் விந்தை என்னவென்றால், பகைவரின் உதவியில்லாமல் ஒருவரும் வெல்ல முடியாது.

ஒரு கட்டத்தின் தொடக்கத்தில், நான்கு வெவ்வேறு அணிகளைச் சேர்ந்த நால்வர் திரளை விட்டுப் பிரிந்து முன்னே பாய்ந்து செல்கின்றனர் என்று வைத்துக்கொள்வோம். நால்வரும் பகைவரே. ஆயினும் முறைவைத்து ஒருவர்பின் ஒருவர் முன்னே வந்து காற்றை எதிர்த்தாலன்றி அவர்கள் திரளிடமிருந்து தப்ப இயலாது. ஆகவே கூடி உழைக்கின்றனர். முடிவிடம் நெருங்க நெருங்க, ஒவ்வொருவர்க்கும் ஓர் எண்ணம் தோன்றுகிறது: "நான் என் முறையைச் சற்றுச் சுருக்கிக்கொண்டால், இறுதியில் பாய்வதற்கு வலிமை மிஞ்சுமே!" நால்வர்க்கும் இவ்வெண்ணம் ஒருங்கே தோன்றிவிட்டால், வேகம் தளர்ந்து, நால்வரும் பிடிபடுவர். கூட்டுறவு நெடுநேரம் நிலைக்கவேண்டும். ஆனால் என்றைக்கும் நிலைக்கக்கூடாது. அதனை எந்த நொடியில் முறிப்பது என்று அறிந்தவரே வெல்வார்.

இதற்குள் இன்னொரு சூழ்ச்சியும் அடங்கியிருக்கிறது. அந்த நால்வருள் ஒருவர் மஞ்சட் சட்டைக்காரரின் தோழர் என்று கொள்வோம். அவர் முன்னே வந்து உழைக்க மறுத்துவிடலாம். "நான் ஏன் காற்றை எதிர்க்கவேண்டும்? பின்னே வருபவர் என் தலைவர் அல்லரோ?" என்று அவர் கேட்டால், மற்ற மூவரும் விடை சொல்ல இயலாது. உழைக்காமலே அவர்கள் தோளில் ஏறிச் செல்வார். அவர் முன்னே இருப்பதால், பின்னே அவருடைய அணியும் துரத்தவேண்டிய கடமையிலிருந்து விடுபடுகிறது. துரத்தும் சுமை வேறு அணியின் தலையில் விழுகிறது. இவ்வாறு பகைவரை உழைக்கவைத்துத் தாம் ஓய்ந்திருப்பதே இப்பந்தயத்துச் சூழ்ச்சியின் பாதி.

துரத்துவதிலும் கணக்கு உண்டு. இறுதிப் பாய்ச்சலில் வல்ல வீரரை உடைய அணி, முன்னே சென்றவர்களை உடனே பிடித்துவிட விரும்பாது. பிடித்துவிட்டால் புதியவர் சிலர் பாய்வர், மீண்டும் துரத்தவேண்டும். ஆதலால் இரண்டு மூன்று நிமிட இடைவெளியில் அவர்களை வெயிலில் காயவிட்டு, முடிவிடத்துக்குச் சில கிலோமீட்டர் இருக்கையில் விழுங்கிவிடும். நாள் முழுவதும் முன்னே சென்றவர்கள் முடிவிடம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் பிடிபடுவது, காண்போர் நெஞ்சை உருக்கும் காட்சியாகும்.

காற்று பக்கவாட்டிலிருந்து வீசினால் ஆட்டமே மாறிவிடும். அப்பொழுது நேர்பின்னே செல்பவர்க்கு மறைவு கிட்டாது. சாய்ந்த வரிசையில், காற்றுக்கு எதிர்ப்புறமாக ஒதுங்கிச் செல்லவேண்டும். சாலையின் அகலமோ பத்துப் பன்னிருவர்க்கே இடந்தரும். அவ்வரிசையில் இடங்கிடைக்காதவர் சாலையோரத்தில் ஒற்றை வரிசையாக நீண்டு, சிறிது நேரத்தில் அறுந்துபோவர். இதனை அறிந்த அணி, சாலை திரும்பிக் காற்று மாறும் இடத்தை முன்னரே பார்த்து வைத்திருந்து, அவ்விடத்தில் எட்டுப்பேரும் ஒருங்கே முன்வந்து வேகத்தைக் கூட்டும். ஐந்து நிமிடத்தில் மூன்று வார உழைப்பைப் பிறர் இழந்துவிடுவதும் உண்டு.

மலையில் காற்றின் ஆட்சி குறைகிறது. ஏற்றத்தில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரோ அதனினும் குறைவோ ஆகிவிடுவதால், பிறர் மறைவால் பெறும் நன்மை சிறிதே. தாணிப்பாறையிலிருந்து சதுரகிரிக்கு ஏறுபவரைப்போல, அவரவர் பாரத்தை அவரவரே சுமந்தாகவேண்டும். தலைவரின் உண்மையான வலிமை அங்கேதான் வெளிப்படும். எனினும் மலையடிவாரத்துக்கு வருமுன் அவரைக் களைப்புறச் செய்யவும், களைப்புறாமல் காக்கவும் அணிகளால் முடியும்.

தொண்டரின் நிலை எத்தகையது என்பதை ரெனே வியெத்தோ என்னும் இளைஞரின் வரலாறு காட்டும். அவர் தெற்குப் பிரான்சில் கான் நகரை அடுத்துப் பிறந்தவர்; விடுதி ஒன்றில் மின்தூக்கி இயக்கும் பையனாக வேலை பார்த்தவர். 1934-இல், தம் இருபதாம் வயதில், பிரெஞ்சு அணியில் இடம்பெற்றார். மலைக்கட்டங்களில் அவர் ஏறிய வேகத்தைக் கண்டு நாடே வியந்தது. அணித்தலைவர் அந்தோனன் மாஞ் மஞ்சட் சட்டை அணிந்திருந்தார். பிரனீசு மலைத்தொடரில் புய்மொரான் கணவாயிலிருந்து இறங்கும்போது, மாஞ் விழுந்து அவருடைய முன்சக்கரம் உடைந்தது. அருகே வந்த வியெத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை சாலையோரக் கல்சுவரின்மேல் அமர்ந்திருந்தார். கண்ணீர் ததும்ப அவர் அமர்ந்திருந்த கோலத்தை ஒருவர் படம் எடுத்துவிட்டார். மறுநாள் மாஞ்சின் வண்டி மீண்டும் பழுதுற்றது. அப்பொழுது வியெத்தோ மலைச்சாலையில் அவருக்கு முன்னே சென்றுகொண்டிருந்தார். செய்தி அறிந்ததும் வண்டியைத் திருப்பி, தாம் இறங்கிவந்த மலையில் மீண்டும் ஏறி, தலைவரை அடைந்து உதவினார். அவ்வாண்டு மாஞ் வென்றார். வியெத்தோ நான்கு கட்டங்களை வென்றும், கூட்டுக்கணக்கில் ஐந்தாமவராகவே முடித்தார். 1939-இல் இரண்டாமிடம் பெற்றார். 1947-இல் பல நாள் மஞ்சட் சட்டை அணிந்தும் இறுதியில் இழந்தார். பந்தயத்தை அவர் ஒருமுறையும் வெல்லவில்லை. மாஞ்சின் பெயரைக் காட்டிலும் அந்தக் கல்சுவரில் அமர்ந்திருந்த இளைஞரின் பெயரே பிரெஞ்சு மக்கள் நினைவில் நெடுநாள் நின்றது. ஆனால் அது அவருக்கு ஆறுதலாக இருந்திருக்குமா என்பது வேறு.

ஓரணிக்குள் தலைவர் இருவர் இருந்துவிட்டால் என்ன ஆகும்? 1985-இல் பெர்னார் இனோ என்னும் பிரெஞ்சு வீரர் ஐந்தாம் முறையாக வெல்ல முயன்றுகொண்டிருந்தார். இடையே கீழே விழுந்து மூக்கை உடைத்துக்கொண்டார். அதே அணியில் இருந்த அமெரிக்கர் கிரெக் லெமாண்டு மலைக்கட்டம் ஒன்றில் அவரை விட முன்னே சென்றுவிட்டார். அப்பொழுது அணி நிர்வாகம் அவரைத் தடுத்தது: தலைவர் பின்னே வருகிறார், ஆகையால் முன்னின்று உழைக்கவேண்டாம் என்பது கட்டளை. லெமாண்டு கட்டளைக்குப் பணிந்தார். இனோ வென்றார், லெமாண்டு 1 நிமிடம் 42 நொடி பின்தங்கி இரண்டாமவரானார். "அடுத்த ஆண்டு உனக்கு உதவுவேன்" என்று இனோ வாக்களித்தார்.

அடுத்த ஆண்டு வந்தது. பிரனீசு மலைக்கட்டத்தில் இனோ திடீரெனப் பாய்ந்து, லெமாண்டை விட 5 நிமிடத்துக்கு மேல் முந்திக்கொண்டு மஞ்சட் சட்டையை அணிந்தார். ஒரே அணியினர் என்பதால் லெமாண்டால் துரத்தவும் இயலவில்லை. மறுநாளும் இனோ தனியே பாய்ந்தார். ஆனால் அன்று வலிமை குன்றி, முந்தைய நாள் பெற்றதில் பெரும்பகுதியை இழந்தார். பகைவரைக் களைக்கச் செய்யவே தாம் பாய்ந்ததாக அவர் சொன்னார். நான்கு முறை, ஐந்து முறை வென்றவர்க்கு ஆறாவது முறையின்மேல் ஆசை இல்லையென்று நம்புவது கடினம். ஆல்ப்சு மலைத்தொடரில் கிரனான் என்னும் கணவாயில் முடிந்த கட்டத்தில் மஞ்சட் சட்டை லெமாண்டுக்கு வந்தது. அடுத்த நாள் ஆல்ப் துவேசு மலையுச்சியில் இருவரும் கைகோத்துக்கொண்டு எல்லைக்கோட்டை அடைந்தனர். படம் எடுப்பவர்க்கு அது நல்ல காட்சிதான். லெமாண்டு 3 நிமிடம் 10 நொடி வேறுபாட்டில் வென்றார். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்து வென்ற முதல்வர் அவரே.

அணிப்பற்று என்பது எப்பொழுதும் நன்மையே தரும் என்று எண்ணிவிடலாகாது. 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்ற லான்சு ஆம்ஸ்திராங்கின் அணி, கட்டுப்பாட்டுக்குப் பெயர்பெற்றது. அந்தக் கட்டுப்பாடே தடைசெய்யப்பட்ட மருந்துகளை உட்கொண்டதை மறைக்கவும் பயன்பட்டது என்பது பின்னர் வெளியாயிற்று. அவருடைய முன்னாள் தோழர் 11 பேர் சான்று கூறினர். 2012-இல் ஏழு வெற்றிகளும் நீக்கப்பெற்றன. அந்த ஏழு ஆண்டுகளுக்கு உரிய வெற்றியாளர் இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

1986-இல் லெமாண்டு மஞ்சட் சட்டை பெற்ற கிரனான் கணவாய்க்குப் பந்தயம் அதன்பின் 36 ஆண்டுகள் வரவில்லை. மீண்டும் வந்தது 2022-ஆம் ஆண்டு சூலை 13-ஆம் நாள். அணிச்சூழ்ச்சியைப் பற்றி ஒரே ஒரு நாளைக் காட்டி விளக்கவேண்டுமாயின், அந்த நாளையே காட்டலாம்.

அதற்கு ஒரு முன்கதை உண்டு. 2020-இல் நெதர்லாந்து நாட்டு ஜம்போ விஸ்மா அணியே எல்லாவற்றினும் வலிமை வாய்ந்ததாக இருந்தது. அதன் தலைவர் பிரிமோஷ் ரோக்லிச், கடைசிக்கு முந்தைய நாள் காலையில் 57 நொடி முன்னணியில் மஞ்சட் சட்டை அணிந்திருந்தார். அன்று ஒவ்வொருவரும் தனித்தனியே ஓட்டும் கட்டம். காற்றை மறைக்கத் தோழர் இல்லை. 21 வயதே நிரம்பிய தாதேய் போகாச்சார் அன்று மாலைக்குள் அந்த முன்னணியை அழித்து, 59 நொடி வேறுபாட்டில் பந்தயத்தையே வென்றுவிட்டார். இருவரும் சுலோவேனியா என்னும் ஒரே சிறு நாட்டினர். மறு ஆண்டும் போகாச்சாரே வென்றார். மலையிலும், தனியோட்டத்திலும், இறுதிப் பாய்ச்சலிலும் அவருக்கு நிகரில்லை. ஒருவருக்கு ஒருவர் என நின்று அவரை வெல்வது இயலாது என்பதை ஜம்போ விஸ்மா அணி உணர்ந்துகொண்டது.

2022-இல் அவ்வணிக்குத் தலைவர் இருவர்: ரோக்லிச்சும், டென்மார்க்கு நாட்டு யோனாஸ் விங்கெகோரும். வடபிரான்சின் கருங்கல் பாவிய சாலையில் ரோக்லிச் விழுந்து தோளில் காயமுற்று, இரண்டு நிமிடத்துக்கு மேல் இழந்துவிட்டார். விங்கெகோர் போகாச்சாரை விட 39 நொடியே பின்தங்கியிருந்தார். போகாச்சாரின் அணியிலோ இருவர் கொரோனா நோயினால் முன்னரே வெளியேறியிருந்தனர்.

சூலை 13-ஆம் நாள் வீரர்கள் கடக்கவேண்டியிருந்த கலிபியே கணவாய் 2,642 மீட்டர் உயரமுடையது. நம் நீலகிரியின் தொட்டபெட்டா உச்சியை ஒத்த உயரம். அதனை ஏறி இறங்கிய பின்னர்க் கிரனான்: 11 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஏற்றம், 100 அடி சென்றால் 9 அடி உயரும் சாலை, முடிவிடம் 2,413 மீட்டர். முடிவுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும்போதே, மேலும் முன்னதாகத் தெலெகிராப் கணவாயிலேயே ஜம்போ விஸ்மா அணியினர் தாக்கத் தொடங்கினர். கலிபியே ஏற்றத்தில் ரோக்லிச் பாய்ந்தார். போகாச்சார் துரத்திப் பிடித்தார். பிடித்த கணத்தில் மறுபுறத்திலிருந்து விங்கெகோர் பாய்ந்தார். அவரையும் பிடித்தார். உடனே மீண்டும் ரோக்லிச்!

இதன் நுட்பத்தைப் பாருங்கள். ரோக்லிச் இரண்டு நிமிடம் பின்தங்கியவர்தானே, போகட்டும் என்று விட்டுவிட முடியாது. விட்டால் அவரே மஞ்சட் சட்டைக்கு உரியவராகிவிடுவார். அவரைத் துரத்தினாலோ, துரத்தும் போகாச்சாரின் பின்னே விங்கெகோர் இளைப்பாறிக்கொண்டு வருவார். அடுத்த முறை விங்கெகோர் பாயும்போது ரோக்லிச் இளைப்பாறுவார். போகாச்சாருக்கு இளைப்பாறும் முறை வருவதே இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் எந்த ஓர் ஆடும் புலிக்கு நிகரில்லை. ஆயினும் புலியின் கட்டங்கள் ஒவ்வொன்றாக அடைபடும். அன்று நடந்தது அதுவே.

போகாச்சார் ஒவ்வொரு தாக்குதலுக்கும் தாமே விடை அளித்தார். களைப்பு சிறிதும் காட்டவில்லை. கலிபியே உச்சிக்கருகே தாமே வேகத்தைக் கூட்டி, விங்கெகோர் ஒருவரைத் தவிர ஏனையோரை உதறிவிட்டும் சென்றார். ஜம்போ விஸ்மாவின் திட்டம் தோற்றது என்றே பார்த்தவர் பலரும் எண்ணினர். ஆனால் உடல் தன் கணக்கைத் தனியே எழுதிவைத்திருந்தது. கிரனான் ஏற்றத்தில் இன்னும் 5 கிலோமீட்டர் அளவே இருந்தபோது விங்கெகோர் பாய்ந்தார். போகாச்சார் எழுந்து மிதிக்க முயன்றார், வண்டி விரையவில்லை. சட்டையின் முன்புறத்தைத் திறந்துவிட்டுக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராகப் பிறர் தம்மைக் கடந்து செல்வதைப் பார்த்துக்கொண்டே ஏறினார். விங்கெகோர் அக்கட்டத்தை வென்றார். போகாச்சார் 2 நிமிடம் 51 நொடி பின்தங்கி ஏழாமவராக வந்தார். மாலையில் மஞ்சட் சட்டை விங்கெகோருக்குப் போயிற்று.

ரோக்லிச் அன்று பத்து நிமிடத்துக்கு மேல் பிந்தி வந்துசேர்ந்தார். காயம்பட்ட தோளோடு அவர் செய்த பாய்ச்சல்களே அவர் தோழரின் வெற்றிக்கு வழிவகுத்தவை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னே அவர் கையிலிருந்து நழுவிய சட்டை, அவர் உழைப்பினாலேயே மற்றொருவர் தோளில் ஏறியது. சில நாட்களுக்குள் அவர் பந்தயத்தை விட்டு விலகினார்.

போகாச்சார் எளிதில் விட்டுக்கொடுப்பவர் அல்லர். எஞ்சிய நாட்களில் சமநிலமென்றும் மலையென்றும் பாராமல் பாய்ந்துகொண்டே இருந்தார். சூலை 21-ஆம் நாள் பிரனீசு மலைத்தொடரில் இறுதி மலைக்கட்டம். ஸ்பாந்தெல் கணவாயின் இறக்கத்தில் இருவரும் ஆபத்தான வேகத்தில் சென்றுகொண்டிருந்தனர். விங்கெகோர் வண்டி சறுக்கி விழப்போனார், தப்பினார். அடுத்த சிறிது தூரத்தில் சரளைக்கல் சிதறிய திருப்பத்தில் போகாச்சார் விழுந்தே விட்டார். தொடையில் தோல் உரிய எழுந்து மீண்டும் ஏறினார். விங்கெகோர் அந்நேரத்தில் விரைந்து சென்றிருக்கலாம், விதி தடுக்கவில்லை. அவர் வேகத்தைத் தளர்த்தி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். போகாச்சார் வந்து சேர்ந்ததும் கையை நீட்டினார். ஓடும் வண்டிகளிலேயே இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர்.

பிறகு ஓத்தக்காம் மலையடிவாரம் வந்தது. காலையிலிருந்து முன்னே பிரிந்து சென்றிருந்த வவுட் வான் ஆர்ட் என்னும் பெல்ஜிய நாட்டு வீரர் அங்கே இருந்தார். ஜம்போ விஸ்மா அணியினர். தலைவர் வந்து சேர்ந்ததும் முன்னே நின்று ஏற்றத்தில் வேகத்தைக் கூட்டினார். அவருக்குப் பின்னே விங்கெகோர். அவருக்கும் பின்னே போகாச்சார். சிறிது நேரத்தில் மூன்றாமவர் வண்டிக்கும் இரண்டாமவர் வண்டிக்கும் இடையே ஒரு முழம் வெளி தெரிந்தது. அது ஒரு வண்டி நீளமாயிற்று. பின்னர்ச் சாலையின் ஒரு திருப்பமாயிற்று. விங்கெகோர் 1 நிமிடம் 4 நொடி முந்தி உச்சியை அடைந்தார். போகாச்சார் இரண்டாமவர். நாள் முழுவதும் காற்றையும் மலையையும் எதிர்த்து உழைத்த வான் ஆர்ட் மூன்றாமவராக வந்தார். மூன்று நாள் கழித்துப் பாரிசில் பந்தயம் முடிந்தபோது, விங்கெகோர் 2 நிமிடம் 43 நொடி வேறுபாட்டில் வென்றிருந்தார். 2023-இலும் அவரே வென்றார். 2024-இலும் 2025-இலும் போகாச்சார்.